காது சிவந்தால் கவனியுங்கள்!

உங்கள் காது மடலைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். மேல்பகுதி விறைப்பாக இருக்கும். மடக்கினால் மறுபடி நிமிர்ந்து கொள்ளும். கம்மல் போடுகிற கீழ்ப்பகுதியோ வெறும் சதை. மேலே இருப்பது குருத்தெலும்பு. கீழே அது கிடையாது. இந்தச் சின்ன வித்தியாசம் ஓர் அபூர்வ வியாதியை அடையாளம் காண டாக்டர்களுக்கு உதவுகிறது என்றால் ஆச்சரியமாக இல்லையா?

அந்த வியாதியின் பெயர் 'ரிலாப்ஸிங் பாலிகாண்ட்ரைட்டிஸ்'. வாயில் நுழையாத பெயர்தான். பிரித்துப் பார்த்தால் எளிது. 'ரிலாப்ஸிங்' என்றால் போய்ப் போய்த் திரும்பி வருவது. 'பாலி' என்றால் பல. 'காண்ட்ரைட்டிஸ்' என்றால் குருத்தெலும்பில் ஏற்படும் அழற்சி. உடம்பில் பல இடங்களில் உள்ள குருத்தெலும்பு விட்டுவிட்டு வீங்கி வலிக்கும் வியாதி இது.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் எடுத்த ஒரு கணக்குப்படி, பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேருக்குத்தான் இது புதிதாக வருகிறது. பெரும்பாலும் 40 வயதிலிருந்து 60 வயதுக்குள் தலைகாட்டும். ஆண், பெண் இருபாலருக்கும் வரும்.

இவ்வளவு அபூர்வமான வியாதியைப் பற்றி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். அபூர்வமாக இருப்பதுதான் ஆபத்து. பல டாக்டர்கள் தங்கள் வாழ்நாளில் ஒரு நோயாளியைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். 1998-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதல் அறிகுறி தோன்றியதிலிருந்து வியாதியின் பெயர் தெரிய வருவதற்குச் சராசரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. மூன்றில் ஒரு பங்கு நோயாளிகள் அதற்குள் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட டாக்டர்களைப் பார்த்துவிட்டார்கள். மாற்றல் உத்தரவு வந்தால் பெட்டி படுக்கையுடன் அடுத்த ஊருக்குக் கிளம்பும் நம் போன்ற குடும்பங்களுக்கு இந்தத் தாமதம் இன்னும் கூடுமே தவிரக் குறையாது.

தன் வீட்டையே தாக்கும் காவலாளி

நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, வெளியிலிருந்து வரும் கிருமிகளை விரட்டும் காவலாளி. சில சமயம் அது வீட்டுக்காரரையே திருடன் என்று நினைத்துத் தாக்கத் தொடங்கிவிடும். இந்த வியாதியில் அது குறிவைப்பது குருத்தெலும்பில் உள்ள புரதங்களை. ஏன் இப்படி நடக்கிறது என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இது ஒட்டுவாரொட்டி அல்ல. நோயாளியைத் தனித்தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைக்க வேண்டியதே இல்லை.

1923-இல் பிராக் நகரில் யாக்ஷ்-வார்ட்டன்ஹார்ஸ்ட் என்ற மருத்துவர்தான் இதை முதலில் விவரித்து எழுதினார். அவரிடம் வந்த நோயாளி 32 வயது இளைஞர். இன்று வழங்கும் பெயர் 1960-இல் வைக்கப்பட்டது.

ஆறு அடையாளங்கள்

1976-இல் மெக்காடம் என்பவரும் அவருடைய குழுவினரும் ஆறு அடையாளங்களை வரிசைப்படுத்தினார்கள்.

1. இரண்டு காது மடல்களும் சிவந்து, வீங்கி, தொட்டால் துடிக்க வலிப்பது. பத்தில் ஒன்பது பேருக்கு என்றாவது ஒரு நாள் இது வந்துவிடும். கம்மல் போடும் சதைப்பகுதி மட்டும் பாதிக்கப்படாமல் தப்பிவிடும். அங்கே தாக்குவதற்குக் குருத்தெலும்பு இல்லையே!

2. மூக்குத் தண்டில் வலி. நாளடைவில் அது நடுவில் குழிந்து குதிரைச் சேணம் போல் ஆகிவிடலாம்.

3. மூட்டுகளில் வீக்கமும் வலியும். இன்று முழங்கால், நாளை மணிக்கட்டு என்று இடம் மாறும். மூட்டு எலும்பை அரிப்பதில்லை.

4. கண் சிவந்து வலிப்பது.

5. உட்காது பாதிக்கப்பட்டுக் காது மந்தமாவது, தலை சுற்றுவது.

6. குரல்வளையும் மூச்சுக்குழாயும் பாதிக்கப்படுவது.

இவற்றில் மூன்று சேர்ந்திருந்தால் இந்த வியாதிதான் என்பது அவர்கள் கணக்கு. 1979-இல் இது கொஞ்சம் தளர்த்தப்பட்டது. ஓர் அடையாளமும் அதனுடன் திசுப் பரிசோதனை முடிவும் இருந்தால் போதும்; அல்லது இரண்டு இடங்களில் குருத்தெலும்பு அழற்சி இருந்து, அது ஸ்டீராய்டு அல்லது டாப்ஸோன் மருந்துக்குக் கட்டுப்பட்டாலும் போதும்.

இந்த ஆறையும் மறுபடி ஒருமுறை பாருங்கள். காதுக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர், முழங்காலுக்கு ஒருவர், இருமலுக்கு இன்னொருவர் என்று போய்க்கொண்டிருந்தால், ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டுதான் இருக்கும். முழுப்படம் யாருக்கும் கிடைக்காது. எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் சொல்லி வைப்பதே பாதி வைத்தியம்.

ஏமாற்றும் தோற்றங்கள்

காது சிவந்தால் முதலில் நினைவுக்கு வருவது கிருமித் தொற்று. கம்மல் துளை சதைப்பகுதியில் இருப்பதால் குருத்தெலும்புக்குத் தொந்தரவில்லை. பாட்டிமார் கொப்பு அணிந்த மேல்காதில், இன்றைய பெண்கள் இரண்டாவது மூன்றாவது துளை போடும்போது, குருத்தெலும்பில் சீழ் பிடிக்கலாம். அது பெரும்பாலும் ஒரு காதில்தான் வரும். கிருமிக்கொல்லி மருந்துக்குக் கேட்கும். இரண்டு காதும் மாறி மாறி வீங்கி, மருந்து சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சில நாட்களில் தானே வடிந்து, மறுபடியும் வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

நம் நாட்டில் இன்னொரு பயமும் உண்டு. காது தடித்து, மூக்கு அமுங்கினால் தொழுநோயோ என்று அக்கம்பக்கத்தில் கிசுகிசுப்பார்கள். தொழுநோயில் கம்மல் போடும் சதைப்பகுதியும் சேர்ந்து தடிக்கும். பொதுவாக வலி இராது. தோலில் உணர்ச்சி மரத்த திட்டுகள் காணப்படும். தொழுநோயும் இன்று மருந்தால் முற்றிலும் குணமாகக் கூடியதே என்பதையும் மறந்துவிடக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், தொழுநோய்க்குத் தரும் டாப்ஸோன் இந்த வியாதிக்கும் சிலருக்குப் பயன்படுகிறது.

மூன்றாவது ஏமாற்று, ஆஸ்துமா. மூச்சுக்குழாயைத் திறந்தே வைத்திருப்பவை குருத்தெலும்பு வளையங்கள். அவை தளர்ந்தால் மூச்சை வெளியே விடும்போது குழாய் அமுங்கி இழுப்புச் சத்தம் வரும். இன்ஹேலரால் பயன் இருக்காது. குரல் கம்மிப்போவது, தொண்டையின் முன்பக்கத்தை அழுத்தினால் வலி, விடாத வறட்டு இருமல் இவையெல்லாம் எச்சரிக்கை மணிகள். மூச்சு வாங்கினால் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

என்ன பரிசோதனை?

இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சி இருப்பதைக் காட்டும். சில சமயம் அவையும் சரியாகவே இருக்கும். மார்பு சி.டி. ஸ்கேனை மூச்சை இழுத்தும் விட்டும் எடுத்தால்தான் குழாய் அமுங்குவது தெரியும். இதய வால்வும் பாதிக்கப்படலாம் என்பதால் எக்கோ எடுப்பார்கள். காது கேட்கும் திறனையும் கண்ணையும் சோதிப்பார்கள்.

சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு வேறொரு வியாதியும் கூடவே இருக்கும்: ரத்தக்குழாய் அழற்சி, முடக்குவாதம், எலும்பு மஜ்ஜைக் கோளாறு போன்றவை. 2020-இல் 'வெக்ஸாஸ்' என்ற புதிய வியாதி கண்டுபிடிக்கப்பட்டது. 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்குக் காய்ச்சலும் ரத்தக் குறைவும் சேர்ந்து காது வீங்கினால் இதையும் தேடிப் பார்க்க வேண்டும். இது வாழ்நாளில் இடையில் ஏற்படும் மரபணு மாற்றம், பிள்ளைகளுக்குப் போவதில்லை.

மருந்தும் பத்தியமும்

காது, மூட்டு மட்டும் என்றால் சாதாரண வலி நிவாரணிகளே சிலருக்குப் போதும். மற்றவர்களுக்கு ப்ரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டுதான் முதல் கை மருந்து. அதன் அளவைக் குறைப்பதற்காக மெத்தோட்ரெக்ஸேட், அஸாதியோப்ரின் போன்றவற்றைச் சேர்ப்பார்கள். இவற்றுக்கும் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்ஸிமாப், டோசிலிசுமாப் போன்ற ஊசிகள் உண்டு.

வீட்டில் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை: ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, உயிருக்கே ஆபத்து. சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்பின் பலம் இவற்றை அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே சாப்பிடும் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் விஷம். எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்து வையுங்கள். ஊசி மருந்து தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். எந்த ஆபரேஷன் என்றாலும், பல் ஆபரேஷனே ஆனாலும், மயக்க மருந்து தரும் டாக்டரிடம் இந்த வியாதியை முன்கூட்டியே சொல்லுங்கள். தொண்டையில் குழாய் விடுவது இவர்களுக்கு ஆபத்தாகலாம்.

பயப்பட வேண்டாம். 1986-இல் மேயோ கிளினிக் வெளியிட்ட கணக்கில், நோய் கண்டுபிடித்து ஐந்து ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 74 பேர். 1998-இல் வந்த ஆய்வில், சுமார் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் நூற்றுக்கு 94 பேர் இருந்தார்கள்.

யாரிடம் போவது?

ருமட்டாலஜிஸ்ட் எனப்படும் மூட்டுவாத நிபுணரிடம். டெல்லி எய்ம்ஸ், லக்னோவின் சஞ்சய் காந்தி மருத்துவ நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுவை ஜிப்மர் ஆகியவற்றில் இதற்கான பிரிவுகள் உள்ளன. வடக்கே இருப்பவர்கள் 'நரம் ஹட்டி' என்று சொன்னால் குருத்தெலும்பு என்று டாக்டர் புரிந்துகொள்வார். பாஷை தெரியாத பெரியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள்.

ஒரு ஃபைல் போடுங்கள். எந்தத் தேதியில் எது வீங்கியது, எத்தனை நாள் இருந்தது, என்ன மருந்து தந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். காது சிவந்திருக்கும்போதே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்க்கும் நாளில் அது வடிந்து போயிருக்கலாம். ஊர் மாறும்போது ரேஷன் கார்டோடும் பள்ளிக்கூட டி.சி.யோடும் அந்த ஃபைலும் கைப்பையில் வரட்டும். லாரியில் ஏற்றிவிடாதீர்கள்!