கப்பலேற யார் பணம் கட்டுவது?

புதுச்சேரியில் ‘சொல்தா’ வீடு என்றால் விளக்கம் தேவையில்லை. தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்திருப்பார். ஓய்வூதியம் பிரான்சிலிருந்து வரும். இங்கே சாரம் பகுதியில் வளரும் பிள்ளைகளும் இந்தக் கதைகளைக் கேட்டுத்தான் வளர்கிறார்கள். ஆளைக் கூப்பிட்ட அரசே செலவையும் ஏற்கும் என்பது இந்த ஊருக்குப் பழகிய எண்ணம். ஆனால், சரக்குக் கப்பல் வேலைக்குப் போக நினைக்கும் பையன் வீட்டில் நகைதான் அடகுக் கடைக்குப் போகிறது.

கடைநிலை மாலுமிக்கான நுழைவாயில் ‘ஜி.பி. ரேட்டிங்’ படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, பதினேழரை வயது முதல் 25 வரை, நல்ல கண்பார்வை, ஆறு மாதம் தங்கிப் பயிற்சி. கட்டணம் லட்சத்தைத் தாண்டும். பிறகு தேர்வு, அதிலும் தேறி சி.டி.சி. என்கிற மாலுமிப் புத்தகமும் கைக்கு வந்தால் வீட்டில் இனிப்பு வழங்குவார்கள். உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான். கப்பலில் முதல் இடம் கிடைக்க வேண்டும். கடலில் கழித்த மாதங்கள் கணக்கில் ஏறாதவரை அடுத்த சான்றிதழுக்குப் போக வழியில்லை. அனுபவம் இல்லாதவனை ஏற்றக் கம்பெனிகள் தயங்குகின்றன. ஏற்றாமல் அனுபவம் எங்கிருந்து வரும்? இந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் வந்து உட்காருகிறார். மாலுமியிடம் வேலைக்காகக் காசு வாங்கக் கூடாது என்கிறது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. வாங்குகிறவர்கள் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அரசு கைகொடுத்து மாலுமிகளைச் சேர்க்கும் வழக்கம் புதிதல்ல. பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர், பிரான்சின் கடலோர மாலுமிகளைப் பதிவேட்டில் ஏற்றி, முறை வைத்து அரச கடற்படைக்கு இழுத்தார். பதிலுக்கு 1673-இல் உடல் முடங்கிய மாலுமிகளுக்கான நிதி ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டுதான் பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் காலூன்றினார். அந்த நிதிக்கு மாலுமியின் சம்பளத்திலும் பிடித்தம் உண்டு என்பதால் கோல்பேரை வள்ளல் என்று புகழ வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஏற்பாட்டின் வாரிசு நிறுவனம் இன்றுவரை பிரெஞ்சு மாலுமிகளுக்கு ஓய்வூதியம் தருகிறது.

பிரிட்டனின் வழி வேறு. 1998 முதல் ‘ஸ்மார்ட்’ என்ற திட்டத்தில் பயிற்சிச் செலவின் ஒரு பகுதியை அரசு தருகிறது. கேடட் எனும் பயிற்சி அதிகாரியைத் தத்தெடுத்துப் படிக்க வைத்துக் கப்பலில் ஏற்றுவது கம்பெனியின் பொறுப்பு. 2000-இல் கப்பலின் கொள்ளளவை வைத்து வரி போடும் சலுகை வந்தபோது, அதற்கும் ஒரு நிபந்தனை வைத்தார்கள்: பதினைந்து அதிகாரிப் பணியிடங்களுக்கு ஆண்டுக்கு ஒரு கேடட்டைப் பயிற்றுவிக்க வேண்டும், முடியாவிட்டால் பணம் கட்ட வேண்டும். வரியில் விட்டுக்கொடுத்ததை இளைஞனின் கப்பல் இடமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம் இது.

2004-இல் இந்தியாவும் இந்த டன்னேஜ் வரியைக் கொண்டுவந்தது, பயிற்சி நிபந்தனையோடுதான். இங்கே ஒரு ஓட்டை. அந்த நிபந்தனை கட்டுப்படுத்துவது வரிச்சலுகையை எடுத்துக்கொண்ட இந்தியக் கம்பெனிகளை. நம் மாலுமிகளில் பெரும்பாலோர் ஏறுவதோ வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல்களில். 2014-இல் சுமார் 1.17 லட்சமாக இருந்த இந்திய மாலுமிகள் 2023-இல் 2.8 லட்சம் ஆகிவிட்டார்கள் என்று ஒன்றிய அரசு பெருமைப்படுகிறது. அந்தப் பெருமைக்குக் கட்டணம் கட்டியதில் குடும்பங்களின் பங்கு பெரிது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த 69,725 கோடி ரூபாய்த் திட்டமும் முதன்மையாகக் கப்பல் கட்டும் தளங்களையும் மூலதனத்தையும்தான் குறிவைக்கிறது. தேவையில்லை என்று சொல்லவில்லை. கட்டிய கப்பலில் யார் ஏறுவது என்பதற்கும் அதே அக்கறை வேண்டாமா?

இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் சென்னை வளாகம் இருப்பது உத்தண்டியில், இங்கிருந்து சென்னைக்குப் போகும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில். அதன் சேர்க்கைக்குத் தனி நுழைவுத்தேர்வு. புதுச்சேரிப் பெற்றோருக்கு மனப்பாடமான, உயர்கல்விச் சேர்க்கைக்கான சென்டாக் கலந்தாய்வு வேறு, இது வேறு. காமராஜர் பெயரிலான கல்வி நிதியுதவி சென்டாக் வழியே தொழிற்கல்விக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்கிறது; கடலுக்குப் போகிறவனுக்கும் அதுபோல ஒன்றைப் புதுச்சேரி அரசு யோசிக்கலாம். ஆனால், முழுக் கட்டணத்தையும் பயிற்சி நிலையத்திடம் முதல் நாளே கொடுத்தால், சி.டி.சி. வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பையன்கள்தான் கூடுவார்கள். பாதியைச் சேரும்போது கொடுக்கட்டும். மீதியை, அவன் கப்பலில் கையெழுத்திட்டு ஏறிய பதிவைக் காட்டிய பிறகு நிலையம் வாங்கிக்கொள்ளட்டும். கப்பல் தேடும் கவலை அப்போது பையனின் அப்பாவோடு நிலையத்துக்கும் வந்துவிடும்.