தோஃபு டெலிவரி பண்ண வண்டி

என் ஹாஸ்டல் ரூம் கதவுல ஒரு கருப்பு எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ரூமுக்கு வர்ற முக்கால்வாசி பேர் கேக்குறது ஒரே கேள்விதான்: "என்னடா, சைனீஸ் கத்துக்கிறியா?" அது ஜப்பானிய எழுத்து. அர்த்தம், "ஃபுஜிவாரா தோஃபு கடை, சொந்த உபயோகத்துக்கு". மெக்கானிக்கல் படிக்கிற பையன் தோஃபு கடை போர்டை எதுக்கு ஒட்டி வெச்சிருக்கான்னு தோணுதா? ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி அலுத்துப் போச்சு. மொத்தமா இங்கயே எழுதிடறேன்.

அந்த போர்டு ஒரு காரோட கதவுல இருக்கும். கார் பேரு டொயோட்டா ஸ்ப்ரிண்டர் ட்ருவெனோ. இன்ஜினியர்கள் வெச்ச குறியீடு ஏஇ86. ஜப்பான்காரங்க செல்லமா "ஹச்சி-ரொக்கு"ன்னு கூப்பிடுவாங்க, அதாவது "எட்டு-ஆறு". 1983-லிருந்து 1987 வரைக்கும் வந்த வண்டி. இதுக்கு கொரோலா லெவின்னு ஒரு இரட்டைப் பிறவியும் உண்டு. ட்ருவெனோவுக்கு ஹெட்லைட் தவளைக் கண்ணு மாதிரி மேல எழும்பும், லெவினுக்கு எழும்பாது. பெரிய வித்தியாசம் அவ்வளவுதான்.

குறியீட்டையும் படிச்சுடலாம். 'ஏ' இன்ஜின் குடும்பம், 'இ' கொரோலா வம்சம், 8 அந்தத் தலைமுறை, 6 அதுல எந்த வகைங்கிறது. கடைசி நம்பர் 5-ஆ இருந்தா வெளியே பார்க்க அச்சு அசல் அதே கார், உள்ளே 1.5 லிட்டர் சாது இன்ஜின். 86-ல இருந்தது 4ஏ-ஜிஇ: 1587 சிசி, ரெண்டு கேம்ஷாஃப்ட், 16 வால்வு, கேட்டலாக்படி 130 குதிரைத்திறன்.

இப்போ நம்ம செமஸ்டர் மூளைக்கு ஒரு கேள்வி. 130 குதிரைத்திறன் அந்தக் காலத்துக்கே அப்படியொண்ணும் பெரிய நம்பர் இல்லை. அப்புறம் ஏன் இந்த வண்டி?

காரணம் பின்சக்கரம். 1983-ல கொரோலா செடான் எல்லாம் முன்சக்கர டிரைவுக்கு மாறிடுச்சு. உள்ளே இடம் அதிகம், தயாரிப்புச் செலவு குறைவு, எல்லா விதத்துலயும் நியாயமான முடிவு. ஆனா இந்த ரெண்டு கூப்பே மாடலுக்கு மட்டும் பழைய தலைமுறையோட அமைப்பையே பெரும்பாலும் விட்டு வெச்சாங்க. முன்னாடி இன்ஜின், பின்னாடி டிரைவ், பின்பக்கம் ரிஜிட் ஆக்சில். எடை சுமார் 940 கிலோ. அந்தப் பழமைதான் இந்த வண்டிக்கு அடிச்ச யோகம்.

முன்சக்கர டிரைவ்ல வண்டியைத் திருப்புறதும் முன் டயர், இழுக்குறதும் முன் டயர். வளைவுல ஆக்சிலரேட்டரை மிதிச்சா டயரோட கிரிப் ரெண்டு வேலைக்கும் பங்கு போய், வண்டி வெளிப்பக்கமா ஓடும். பின்சக்கர டிரைவ்ல வேலை பிரிஞ்சிருக்கு. வளைவுக்கு முன்னாடி பிரேக் பிடிச்சா எடை முன்னாடி சாயும், பின் டயர் லேசாகும். அந்த நேரம் பார்த்து ஸ்டீயரிங்கைத் திருப்பினா பின்பக்கம் வழுக்க ஆரம்பிக்கும். எதிர்ப்பக்கம் ஸ்டீயரிங்கை ஒடிச்சு, எவ்வளவு வழுக்கணும்னு ஆக்சிலரேட்டரால கட்டுப்படுத்தணும். இதுதான் டிரிஃப்ட். (உண்மையைச் சொல்லிடறேன், காய்ஞ்ச தார் ரோட்டுல டிரிஃப்ட் பண்ணா பெரும்பாலும் நேரம் மிச்சம் ஆகாது, கூடத்தான் ஆகும். ஆனா பார்க்க எப்படி இருக்கும்!)

இந்த வித்தையை உலகத்துக்குக் காட்டினவர்களில் முக்கியமானவர் கெய்ச்சி சுச்சியா. மலைப்பாதையில ஓட்டிப் பழகி ரேஸ் டிரைவர் ஆனவர். 1987-ல "ப்ளஸ்பி"ன்னு ஒரு வீடியோ வந்தது. அதுல ஏஇ86-ஐ மலை ரோட்டுல குறுக்கும் நெடுக்குமா ஓட்டிக் காட்டினார். போலீஸும் அதைப் பார்த்து அவரோட லைசென்ஸை நிறுத்தி வெச்சாங்க. ரசிகர்கள் அவருக்கு "டிரிஃப்ட் கிங்"னு பட்டம் கொடுத்தாங்க.

1995-ல ஷூயிச்சி ஷிகெனோ "இனிஷியல் டி"ன்னு ஒரு மாங்கா தொடர் ஆரம்பிச்சார். 2013 வரைக்கும் ஓடி 48 தொகுதி வந்துச்சு. 1998-ல அனிமே வந்தப்போ கார் விஷயத்துக்கு ஆலோசகர் யார் தெரியுமா? அதே சுச்சியா.

கதை ரொம்ப சிம்பிள். டகுமி ஃபுஜிவாரா ஸ்கூல் பையன். அப்பாவுக்கு தோஃபு கடை. பையன் தினமும் விடியற்காலையில அப்பாவோட ட்ருவெனோவுல மலை மேல இருக்கிற ஹோட்டலுக்கு தோஃபு கொண்டு போய் கொடுத்துட்டு வருவான். கதையில மலை பேரு அகினா. நிஜத்துல அது குன்மா மாகாணத்துல இருக்கிற ஹருனா மலை. அவனுக்கு காரைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. வீட்டுக்குப் போய் தூங்கணுமேன்னு வேகமா இறங்குவான், அவ்வளவுதான். அவன் ஃப்ரெண்ட் இட்சுகிக்கு கார்னா உயிர். காசு சேர்த்து ஆசை ஆசையா வாங்கினது 86 இல்லை, 85! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க. அந்த எபிசோடைப் பார்க்கிறப்போ எனக்கு மட்டும் சிரிப்பு வராது.

இதுல டகுமி தோற்கடிக்கிற வண்டிகளில் ஒண்ணு நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்32. 280 குதிரைத்திறன், நாலு சக்கர டிரைவ், எடை சுமார் 1430 கிலோ. இது சுத்த ரீல்னு நீங்க சொல்லலாம். ஏத்தத்துல ரீல்தான். ஆனா டகுமி ஜெயிக்கிறது இறக்கத்துல. இறக்கத்துல இன்ஜின் வேலையில பாதியை புவியீர்ப்பே பார்த்துக்கும், கஷ்டம் பிரேக்குக்குத்தான். 100 மீட்டர் உயரம் இறங்கினா 940 கிலோ வண்டி இழக்க வேண்டிய ஆற்றல் சுமார் 0.92 மெகாஜூல், 1430 கிலோ வண்டிக்கு 1.4. ஒன்றரை மடங்கு சூடு. பிரேக்கும் முன் டயரும் சூடாகிச் சோர்ந்து போனா, 280 குதிரையும் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். ஷிகெனோ கதை விட்டிருக்கார், ஆனா பிசிக்ஸை முழுசா கைவிடலை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தண்ணி கப். தோஃபு உடையக் கூடாதுன்னு அப்பா காருக்குள்ள ஒரு கப்ல தண்ணி ஊத்தி வைப்பார். ஒரு சொட்டு சிந்தாம ஓட்டணும். இதை நோட்டுல போட்டுப் பார்த்தேன். கப் விட்டம் 7 செமீ, விளிம்புக்குக் கீழே 2 செமீ காலின்னு வெச்சுக்கங்க. வளைவுல தண்ணி மட்டம் சாயும், சாய்வு பக்கவாட்டு முடுக்கத்தைப் பொறுத்தது. 2-ஐ 3.5-ஆல வகுத்தா 0.57. அதாவது 0.57 ஜி வரைக்கும் தண்ணி வெளியே வராது.

30 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கிமீ வேகத்துல எடுத்தா வர்றது 0.42 ஜி. அப்போ தப்பிச்சோமா? இல்லை. ஸ்டீயரிங்கை வெடுக்குனு ஒடிச்சா தண்ணி அலையா எழும்பி, நிலையான சாய்வைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஏறும். 1.5 செமீ ஏற வேண்டியது 3 செமீ ஏறி, மடியில கொட்டும். அதே வளைவு, அதே வேகம், மெதுவா ஆரம்பிச்சு மெதுவா முடிச்சா ஒரு சொட்டு சிந்தாது. ஆக, அந்தக் கப் வேகத்தை அளக்கலை. முடுக்கம் எவ்வளவு சட்டுனு மாறுதுங்கிறதை அளக்குது, நாம பாடத்துல "ஜெர்க்"னு படிச்சு மறந்தது. சந்தேகம் இருந்தா நாளைக்கு காலேஜ் பஸ்ல பாட்டில் மூடியில தண்ணி ஊத்திப் பாருங்க. டிரைவர் அண்ணனைப் பத்தி நிறைய தெரியும்.

இதுல எனக்கு ஒரு வயித்தெரிச்சலும் உண்டு. ஏஇ86 பெருசா காசு இல்லாத பசங்க செகண்ட்ஹேண்ட்ல வாங்கி ஓட்டிப் பழகின வண்டி. இனிஷியல் டி ஹிட் ஆனதும் விலை ஏறுச்சு. ரசிகர்களே அதை "டகுமி வரி"ன்னு கிண்டல் பண்றாங்க. நிஜ வரியும் இருக்கு: ஜப்பான்ல 13 வருஷம் தாண்டின பெட்ரோல் காருக்கு வருடாந்திர வரி சுமார் 15 சதவீதம் கூடுதல். மலையில உருண்டு போனது, துருப்பிடிச்சது எல்லாம் போக மிச்சம் இருக்கிற வண்டிகளுக்காக டொயோட்டாவே 2021-ல சில ஸ்பேர் பார்ட்ஸை மறுபடி தயாரிக்கறதா அறிவிச்சாங்க. 2023 டோக்கியோ ஆட்டோ சலூன்ல ஒரு ட்ருவெனோவை ஹைட்ரஜன்லயும், ஒரு லெவினை பேட்டரியிலயும் ஓடுற மாதிரி மாத்திக் கொண்டு வந்து நிறுத்தினாங்க. பேட்டரி வண்டியிலயும் கியர் லீவரை எடுக்கலை, அதுக்கு ஒரு கும்பிடு.

ஆனா இன்னைக்கு ஒரு ஓனர்கிட்ட போய், "அண்ணே, பின் சீட்டுல கொஞ்சம் தோஃபு ஏத்திக்கலாமா?"ன்னு கேட்டுப் பாருங்க. அடி விழும்.