கரிகாலனைக் கொன்னது யாரு பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். இன்னைக்கு ராத்திரி மெஸ்ஸில் சாப்பிட்டு முடிச்சதும் ஹாஸ்டல் வராண்டாவில் நின்னு, 'ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு?'ன்னு சத்தமாக் கேட்டுப் பாருங்க. அஞ்சு நிமிஷத்தில் நாலு கோஷ்டி ரெடி! நந்தினிம்பான் ஒருத்தன். ரவிதாசன்தான்னு அடிச்சுச் சொல்வான் இன்னொருத்தன். பெரிய பழுவேட்டரையர் மேல் பழி போட ஒருத்தன் வருவான். 'கரிகாலனே சாகணும்னுதான் இருந்தான், விடுங்கடா'ன்னு தத்துவம் பேச ஒரு ஆள் கட்டாயம் இருப்பான். வார்டன் வந்து லைட்டை அணைக்கும் வரைக்கும் பஞ்சாயத்து முடியாது.

'பொன்னியின் செல்வன்' அப்படிப்பட்ட நாவல். 1950 அக்டோபரில் 'கல்கி' பத்திரிகையில் தொடங்கி 1954 மே மாதம் வரைக்கும் வாரா வாரம் வந்த தொடர்கதை. அஞ்சு பாகம். தலையணைக்குப் பதிலாகவே வெச்சுக்கலாம்! 1999-ல் தமிழக அரசு கல்கியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கினதுக்கு அப்புறம் ஆளாளுக்கு பதிப்பு போட்டாங்க. 2022-லயும் 2023-லயும் மணிரத்னம் ரெண்டு பாகமாப் படம் எடுத்தப்போ, தாத்தாக்கள் பேசிக்கிட்டு இருந்த சண்டை உங்க வாட்ஸ்அப் குரூப்புக்கே வந்துடுச்சு.

இந்தச் சண்டையில் கள்ளக்குறிச்சிப் பசங்களுக்கு கொஞ்சம் கூடுதல் பாத்தியதை உண்டு. ஏன்னா, செத்துப்போனது நம்ம மாவட்டத்துப் பேரன்!

ஆமாங்க. கரிகாலன், குந்தவை, அருள்மொழி மூணு பேருக்கும் அம்மா வானவன் மாதேவி. திருக்கோவலூர் மலையமான் வீட்டுப் பொண்ணு. அந்தத் திருக்கோவலூர்தான் இன்னைய திருக்கோவிலூர். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனப்போ நம்ம பக்கம் சேர்ந்த ஊர். நாவலில் பேரனுக்காகத் துடிக்கிற அந்தக் கிழட்டுச் சிங்கம் மலையமான், நம்ம தென்பெண்ணைக் கரைக்காரர்தான்.

சரி, கோஷ்டிகளுக்கு வருவோம்.

முதலில் 'இழுவை' கோஷ்டி. 'ஆடிப்பெருக்கு அன்னைக்கு வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை ஏறினவன், எப்பதான் இறங்குவான்?' என்பது இவங்க கேள்வி. நியாயம்தான். ஆனா, ஒண்ணை யோசிங்க. இது ஒரே மூச்சில் படிக்க எழுதினதில்லை. ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கணும். அதனாலதான் முடியிற இடத்தில் எல்லாம் யாராவது ஒருத்தர் கத்தியோட நிக்கிறாங்க, இல்லைன்னா ஆந்தை கத்துது! மூணரை வருஷம் இப்படி ஒரு கூட்டத்தைக் காத்திருக்க வெச்ச மனுஷனை இழுவைன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. நாலாவது பாகத்தில் கொஞ்சம் கொட்டாவி வரும். அதுக்கு மறுப்பு இல்லை.

அடுத்தது, 'போர் எங்கே?' கோஷ்டி. அட்டையில் வாள், வேல், யானை. உள்ளே போனா சதியாலோசனை, சுரங்கப்பாதை, ஓலை கடத்தல்! சாண்டில்யனின் 'கடல் புறா'வில் கப்பல் கப்பலா மோதுறதைப் படிச்சுட்டு இங்கே வர்றவங்களுக்கு பெரிய ஏமாற்றம். எனக்கென்னவோ, இந்தக் கோஷ்டி ஒரு பகுதியை அவசரமாத் தாண்டிடுதுன்னு தோணுது. ஈழத்தில் அருள்மொழியின் படைக்கு சாப்பாடு எங்கிருந்து வரும்கிற பிரச்னை. சோழநாட்டில் இருந்து அனுப்புங்கன்னு கேட்கிறான் அவன். ஜெயிச்ச நாட்டில் படைக்கு வேண்டியதை அங்கேயே எடுத்துக்கிறதுதானே வழக்கம்னு முரண்டு பிடிக்கிறாங்க பழுவேட்டரையர்கள். அந்த ஊர் ஜனங்ககிட்ட பிடுங்கித் தின்னா, அவங்க எப்படி நம்மளை ஏத்துப்பாங்கன்னு நினைக்கிறவன் அருள்மொழி. பாஸ், ஒரு ராணுவக் கதைக்கு இதைவிட என்ன வேணும்? வாள் சண்டையை யார் வேணும்னாலும் எழுதிடலாம். அரிசி மூட்டையை வெச்சு அரசியல் எழுதறதுக்குத்தான் தில் வேணும்.

இப்போ மெயின் மேட்டர். கொலை.

(இன்னும் படிக்காதவங்க இங்கேயே பக்கத்தைத் திருப்பிடுங்க. அப்புறம் சாபம் விடக்கூடாது!)

கடம்பூர் மாளிகையில், ஒரு ராத்திரியில், இருட்டில் நடக்குது கொலை. குத்தினது யாருன்னு கல்கி நேரடியா சொல்லவே இல்லை. இவ்வளவு பக்கம் படிக்க வெச்சுட்டு குற்றவாளி பேரைச் சொல்லலைன்னா அது மோசடி என்பது ஒரு கட்சி. தொடர் முடிஞ்சப்பவே வாசகர்கள் இப்படிப் பொங்கினாங்க. திடீர்னு முடிச்சுட்டீங்களேன்னு வந்த குறைகளுக்கு கல்கி ஒரு முடிவுரை எழுதியே பதில் சொல்ல வேண்டியதாச்சு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாததுதான் நேர்மை என்பது எதிர்க்கட்சி.

இதுக்கு நாவலுக்குள்ளேயே பதில் தேடினா கிடைக்காது. கல்லில்தான் தேடணும். காட்டுமன்னார்கோவில் பக்கத்தில் உடையார்குடி. அங்கே அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் ரெண்டாவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. கரிகாலனைக் கொன்ன துரோகிகள்னு பேர் சொல்லி, அவங்க நிலத்தையும் உறவுக்காரங்க நிலத்தையும் பறிமுதல் செய்யச் சொல்லுது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன். இதில் ரவிதாசனுக்கு 'பஞ்சவன் பிரமாதிராஜன்'னு பட்டம். பரமேசுவரனுக்கு 'இருமுடிச்சோழ பிரமாதிராஜன்'.

அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் கவனிங்க. பிரமாதிராஜன் என்பது அரசாங்கத்தில் பெரிய பொறுப்பில் இருந்த அந்தணர்களுக்குக் கொடுத்தது. அதிலும் ஒண்ணு சோழன் பேரிலேயே இருக்கு! அதாவது, சோழ அரசாங்கத்தோட சம்பந்தப்பட்டவங்களே கொலையாளிகளா இருந்திருக்கலாம். ஆனா, நாவலைப் படிச்ச நம்ம மனசில் நிக்கிற ரவிதாசன் யாரு? காட்டில் ஆந்தை மாதிரி கத்துற மந்திரவாதி. வீரபாண்டியனுக்குப் பழிவாங்கத் துடிக்கிற பாண்டிய நாட்டு ஆபத்துதவி. வீட்டுக்குள் நடந்த துரோகம், வெளியாள் பழிவாங்கின கதையா உருமாறிடுச்சு. அதுக்கு நடுவில், எந்தக் கல்வெட்டிலும் இல்லாத நந்தினியைக் கொண்டுவந்து நிறுத்தினார் கல்கி. அழகாத்தான் நிறுத்தினார்! இன்னைக்கு வரைக்கும் பாதிப் பழி அந்தக் கற்பனைப் பொண்ணு தலையிலதான் விழுது.

இதோட முடியலை. கரிகாலன் செத்ததுக்கும் இந்தத் தண்டனைக்கும் நடுவில் உத்தம சோழன் பதினைஞ்சு வருஷம் போல ஆண்டான். அவன் காலத்தில் இதுக்கு ஏன் தண்டனை இல்லை? நீலகண்ட சாஸ்திரிக்கு உத்தம சோழன் மேலேயே சந்தேகம். சதாசிவ பண்டாரத்தார் அதை ஒத்துக்கலை. அண்ணனைக் கொன்னவன்னு தெரிஞ்சா, தம்பி ராஜராஜன் அவனுக்கு விட்டுக்கொடுத்து, அவங்க அம்மா செம்பியன் மாதேவியை அப்படிக் கொண்டாடியிருப்பானா என்பது அந்தப் பக்கத்து வாதம். ரெண்டு பக்கமும் பலமான ஆளுங்க.

கல்கி என்ன பண்ணினார் தெரியுமா? உத்தம சோழனையே மாத்திட்டார்! சிம்மாசனத்துக்கு ஆசைப்பட்ட மதுராந்தகன் நிஜப் பிள்ளையே இல்லை, பூக்கட்டி கோயிலுக்குக் கொடுக்கிற சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் மகன்னு ஒரு போடு. ஆசைப்பட்டவன் ஒருத்தன், முடிசூடினவன் வேற ஒருத்தன். ஆக, சந்தேகப்பட்ட சரித்திர ஆசிரியரும் ஜெயிச்சார், மறுத்தவரும் ஜெயிச்சார். ரெண்டு கட்சிக்கும் சீட் கொடுத்த கூட்டணி! இது தப்பிக்கிறதுதானேன்னு கேட்டா, ஓரளவு ஆமாம். ஆனா, கொன்னவன் பேரைச் சொல்லாம விட்டதை நான் மோசடின்னு சொல்ல மாட்டேன். ராஜராஜனே நிலத்தைப் பறிச்சதோட நிறுத்தியிருக்கான், ஏன் கொன்னாங்கன்னு கல்லில் ஒரு வார்த்தை வெட்டலை. எனக்கு இருக்கிற குறை அந்த இருட்டு அறை மேல் இல்லை. அரசாங்க ஆளுங்களை மந்திரவாதி ஆக்கினது மேலதான்.

சதி செய்யறது யாருன்னு இவ்வளவு சண்டை போடறோமே, அந்தச் சதியோட பில்லை யாரு கட்டினதுன்னு கேட்கிற கோஷ்டி ஒண்ணு இருக்கு. அந்தக் கேள்விக்கு உள்ள எடையை உணரணும்னா மலை ஏறணும். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்குப் போற ரோடு இருக்கே, அங்கே. கடம்பூரில் குறுநில மன்னர்கள் நடுராத்திரியில் கூடி, அடுத்த ராஜா யாருன்னு முடிவு பண்றது மத்த ஊர்ப் பசங்களுக்கு அம்புலிமாமா கதை. கல்வராயன் மலைப் பசங்களுக்கு அப்படி இல்லை. அந்த மலை மூணு ஜாகீரா இருந்தது. வரி வாங்கினதும், கூலி இல்லாம வேலை வாங்கினதும் ஜாகீர்தார்கள். முழுசா அரசாங்கத்தின் கைக்கு வந்தது 1976-ல். நல்லா கவனிங்க, 976 இல்லை, 1976! நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சு. உங்க கிளாஸில் மலையில் இருந்து வர்ற ஃப்ரெண்ட் இருந்தா கேட்டுப் பாருங்க, அவங்க தாத்தா சொல்லக்கூடும்.

அந்த இடத்தில் இருந்து படிச்சா, அஞ்சு பாகத்திலும் சிற்றரசர்கள் தெரியற அளவுக்கு அவங்களுக்கு நெல் அளந்தவன் தெரியமாட்டான். ஓடம் விடற பூங்குழலி இருக்கா, பூக்கட்டுற சேந்தன் அமுதன் இருக்கான், உண்மை. ஆனா, அவங்களும் கடைசியில் அரண்மனைக்குள்ளேதான் போய்ச் சேர்றாங்க! ஓடக்காரி ஓடக்காரியாவே இருந்தா கதைக்கு ஆகாதா என்ன? ஈழத்து அரிசிப் பிரச்னை எனக்கு ஏன் பிடிக்குதுன்னு இப்போ புரியுதா? அங்கேதான் அரசியல்னா என்னன்னு சாப்பிடறவன் பக்கத்தில் இருந்து ஒரு தடவை பார்க்கிறார் கல்கி.

கடைசியா ஒரு தகவல். எந்தக் கோஷ்டியும் இதைப் பத்திப் பேசி நான் கேட்டதில்லை. திருக்கோவிலூர் கீழையூரில் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கு. அங்கே ராஜராஜனின் 27-ஆவது ஆட்சியாண்டுக் கல்வெட்டு, பாட்டாவே வெட்டினது. பாரி மகளிரை மலையமான் குடியில் சேர்த்துட்டு கபிலர் தீயில் இறங்கினதைச் சொல்ற அதே பாட்டில் வானவன் மாதேவியும் வர்றாங்க. சுந்தர சோழர் இறந்ததும், பால் குடிக்கிற குழந்தையை விட்டுட்டு அவங்க தீ இறங்கினதாச் சொல்லுது. நாவலில் படுத்த படுக்கையான ராஜாவுக்குப் பக்கத்தில் அடக்கமா உட்கார்ந்திருக்காங்களே, அதே ராணி. கதை நடக்கிற மாதங்களுக்கு அப்புறம் நடந்தது இது. மூத்த மகனைக் கொலைக்குக் கொடுத்து, புருஷனை நோய்க்குக் கொடுத்து, தானும் போன ஒரு அம்மா. அவங்க பொறந்த ஊரில், அவங்க மகன் காலத்திலேயே வெட்டின கல்.

உங்க காலேஜில் இருந்து ஒரு பஸ் தூரம்தான். போறதா இருந்தா, 'நந்தினிதான்'னு சொல்ற அந்த ரூம்மேட்டையும் கூட்டிட்டுப் போங்க. வழி நெடுக சண்டை போட்டுக்கிட்டே போகலாம்!