இருதயத்தை அரிக்கும் எரிச்சல்

1950களில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் மேயர் ஃபிரீட்மன், ரே ரோசன்மன் என்னும் இரண்டு இருதய மருத்துவர்கள் சேர்ந்து பணியாற்றினார்கள். நோயாளிகள் காத்திருக்கும் அறையின் நாற்காலிகளுக்கு உறை மாற்ற வந்த தொழிலாளி ஒரு விநோதத்தைக் கண்டார். இருக்கையின் முன்விளிம்பு மாத்திரமே தேய்ந்திருந்தது. அங்கே வந்தவர்கள் சாய்ந்து உட்காரவில்லை. எப்பொழுது அழைப்பார்கள் என்று நுனியிலேயே காத்திருந்தார்கள். அந்தத் தேய்மானத்தின் பொருள் மருத்துவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்தே விளங்கியது.

1959-இல் அவர்கள் ஒரு சுபாவத்தை விவரித்தார்கள். எப்பொழுதும் நேரத்தோடு போராட்டம், எதிலும் போட்டி, சிறு தாமதத்திற்கும் எரிச்சல். இதற்கு ‘ஏ வகை’ என்று பெயரிட்டார்கள். பின்னர் கலிஃபோர்னியாவில் ஆரோக்கியமான 3,154 ஆண்களை எட்டரை ஆண்டுகள் கவனித்தார்கள். ‘ஏ வகை’ மனிதருக்கு இருதய நோய் ஏறத்தாழ இருமடங்காக வந்ததென்று 1975-இல் அறிவித்தார்கள்.

அப்படியானால் சுறுசுறுப்பாய் உழைப்பது குற்றமா? இல்லை. அதே மனிதரை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ‘ஏ வகை’ சுபாவத்திற்கும் இருதய நோயால் மரிப்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. சிகரெட் நிறுவனங்கள் இவ்வகை ஆராய்ச்சிகளுக்குப் பல ஆண்டுகள் பணம் கொடுத்துவந்ததும் பிற்காலத்தில் வெளியாயிற்று. புகையின்மேல் விழவேண்டிய பழியைச் சுபாவத்தின்மேல் போடுவது அவர்களுக்கு இலாபமாயிருந்தது.

ஆயினும் சல்லடையில் ஒன்று தங்கியது. டியூக் பல்கலைக்கழகத்தின் ரெட்ஃபர்ட் வில்லியம்ஸ் முதலானோர், அவசரத்தைவிடப் பகையுணர்வே கேடு என்று சுட்டிக்காட்டினார்கள். பிறரை நம்பாமை, ஆறாத கசப்பு, அடிக்கடி மூளும் கோபம் ஆகியவையே அது. கோபம் மூளும்போது அட்ரினலின் பெருகி, நாடி விரைந்து, இரத்த அழுத்தம் உயருகிறது. கடுங்கோபத்திற்குப் பின் 2 மணி நேரத்திற்குள் மாரடைப்பு உண்டாகும் ஆபத்து இருமடங்குக்கும் மேல் என்று 1995-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

நெரிசலான ரயிலில் நசுங்கி, மேலதிகாரியின் கடுஞ்சொல்லை விழுங்கி, இரவில் வீடு திரும்பும் தகப்பனே, அந்த எரிச்சல் யார்மேல் விழுகிறது? மனைவியின்மேலும் பிள்ளைகள்மேலும் அல்லவா? அவர்களைச் சுடுவதற்கு முன் அது உம்மையே சுடுகிறது.

“என் பிறவிக்குணம், என்ன செய்வது?” என்று சொல்லாதேயும். மாரடைப்பிலிருந்து பிழைத்த 800-க்கும் மேற்பட்டோரிடம் ஃபிரீட்மன் இதைச் சோதித்தார். வழக்கமான இருதய ஆலோசனை மாத்திரம் பெற்றவர்களில், நான்கரை ஆண்டுகளில் நூற்றுக்கு 21 பேருக்கு மீண்டும் தாக்குதல் உண்டாயிற்று. அதனோடுகூடச் சுபாவத்தை மாற்றவும் பயிற்சி பெற்றவர்களில் அது 13 பேருக்கே. நீண்ட வரிசையில் வேண்டுமென்றே போய் நிற்பது போன்ற எளிய பயிற்சிகளை அவர் கொடுத்தார். ‘ஏ வகை’ மனிதரான அவருக்கே மாரடைப்பு வந்திருந்தது. தம்மை மாற்றிக்கொண்டு 90 வயதுவரை வாழ்ந்தார்.

ஒன்றை மறவாதிருங்கள். சாந்தகுணமுள்ளவருக்கும் மாரடைப்பு வரும்; அவரைக் குற்றப்படுத்தாதிருங்கள். தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 6 ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது. ஆகவே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் பரிசோதியுங்கள், புகையிலையை விட்டுவிடுங்கள். ஜெபிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தாதிருங்கள். மார்பு வலித்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இன்று இரவு வீட்டிற்கு வந்ததும், பேசுவதற்கு முன் சற்றுச் சாய்ந்து உட்காருங்கள். பகலில் மனதில் ஏறிய கசப்பு யார்மேலாவது இருந்தால், தூங்குவதற்கு முன் அவருக்கு மன்னித்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நெடுநாள் நீங்கள் வேண்டும்.