வாருங்கள், இது உங்கள் பள்ளிக்கூடம்!

பள்ளிக்கூடம் திறக்கும் நாளன்று உங்கள் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு எரியும்?

ஜொகூர் பாருவிலும் மாசாயிலும் ஸ்கூடாயிலும் குடியிருப்பவர்களைக் கேட்டால், "அதென்ன புதிதாகக் கேட்கிறீர்கள்? எங்கள் வீட்டில் தினமும் நாலு மணிக்கே விளக்கு எரியும்" என்பார்கள். பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற குடும்பங்கள் அவை. தோட்டத்தில் இருப்பவர்களும் அதே பதிலைத்தான் சொல்வார்கள். பிரட்டுக்குப் போகிறவர்களுக்குச் சூரியனுக்கு முன்னால் எழுந்தே பழக்கம்.

ஆனால் முதலாம் ஆண்டில் சேரும் பிள்ளை இருக்கும் வீட்டில் அன்றைய விளக்குக்கு அர்த்தமே வேறு. வெள்ளைச் சட்டையும் நீலச் சீருடையும் முதல் நாள் இரவே தேய்த்து ஆணியில் தொங்கும். அம்மா மூன்று முறை புத்தகப்பையைத் திறந்து பார்ப்பார். அப்பா சப்பாத்தைத் துடைத்து வாசலில் வைப்பார். நம் காலத்தில் அது வெள்ளைச் சப்பாத்து. விடுமுறை நாளில் கழுவி, வெள்ளை பூசி, வெயிலில் காயவைப்போம். மழை வந்துவிட்டால் அழுவோம். 2021 முதல் கறுப்புச் சப்பாத்து என்று ஆகிவிட்டதால் அந்த ஒரு கவலை தாய்மார்களுக்குத் தீர்ந்தது!

பள்ளி திறக்கும் மாதம்கூட நம்மை இடையில் குழப்பிவிட்டது. நோய்த்தொற்றுக் காலத்தை ஒட்டி 2022-இல் மார்ச்சுக்குத் தள்ளிப்போன தொடக்கம், 2025-இல் பிப்ரவரிக்கு வந்து, 2026-இல் பழையபடி ஜனவரிக்கே திரும்பியது. ஜொகூரில் வார விடுமுறையும் 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து வெள்ளி, சனி என்பது மாறி, சனி, ஞாயிறு ஆயிற்று. நாட்காட்டி எப்படி மாறினால் என்ன? பள்ளி வாசலில் பிள்ளையின் கையை விடவேண்டிய அந்த நிமிடம் மட்டும் மாறுவதே இல்லை.

அந்த வாசலைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

வாசலோடு நின்றுவிடுகிறோமா?

முதல் நாள் பிள்ளையை அழைத்துப் போகிறோம். ஆசிரியர்கள் சிரித்த முகத்தோடு வரவேற்கிறார்கள். பல பள்ளிகளில் தோரணம் கட்டி, தட்டில் அரிசி பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து 'அ' எழுத வைக்கிறார்கள். நாமும் படம் எடுத்துக்கொள்கிறோம். அப்புறம்? அப்புறம் பரிசளிப்பு விழா வந்தால்தான் அந்தப் பக்கம் தலைகாட்டுகிறோம்.

"பள்ளிக்கூடம் அரசாங்கத்துடையது. படித்துக் கொடுப்பது வாத்தியார் வேலை. இடையில் நமக்கென்ன?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தமிழ்ப்பள்ளி வந்த கதையைத் தெரிந்துகொண்டால் அப்படி நினைக்க மனம் வராது.

கொட்டகையில் தொடங்கிய படிப்பு

இந்த நாட்டில் தமிழ்க்கல்வி 1816-இல் பினாங்கு இலவசப் பள்ளியின் தமிழ் வகுப்பிலிருந்து தொடங்குவதாகச் சொல்வோம். ஆனால் நம் பாட்டன் பூட்டன்மார் அறிந்த பள்ளிக்கூடம் அதுவல்ல. அவர்கள் அறிந்தது தோட்டத்துப் பள்ளிக்கூடம்.

கூட்டு மலாய் மாநிலங்களில் 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது. ஜொகூர் அந்தக் கூட்டில் சேராத மாநிலம். ஆனாலும் ரப்பர் நட்ட இடத்திலெல்லாம் பள்ளிக்கூடமும் அதே கோலத்தில்தான் முளைத்தது. சட்டம் 'பள்ளி வை' என்று சொன்னதே தவிர, அது நல்ல பள்ளியாக இருக்கிறதா என்று யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. லயத்தின் ஓரத்தில் ஒரு கொட்டகை. சில இடங்களில் காலையில் ஆயாக்கொட்டகை, அதற்குப் பக்கத்திலேயே பள்ளி. எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோதான் வாத்தியார். எல்லா வகுப்புக்கும் ஒரே அறை. கை கொஞ்சம் வளர்ந்த பிள்ளை, அம்மாவோடு பால்மரக் காட்டுக்குப் போய்விடும்.

அந்த நிலையிலும் படிப்பு நின்றுவிடவில்லை என்றால் அதற்குக் காரணம் யார்? தனக்கு ஓரெழுத்தும் தெரியாத தாய், பிள்ளையை முகம் கழுவி அனுப்பியதுதான். அவர்கள் அனுப்பியிருக்காவிட்டால், பத்துப் பிள்ளை சேராத கொட்டகையை மூட எந்தத் துரைக்கும் ஒரு நாள் போதும்.

சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. 1962-இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் ஒழிந்தது. 2003 முதல் ஆரம்பக்கல்வி கட்டாயமும் ஆயிற்று. இவை பெரிய ஆறுதல்கள். ஆனால் 1957-இல் நாடு முழுவதும் 880-க்கு மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 520-ஐச் சற்றே தாண்டுகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல மூடப்பட்டன; சில ஒன்றோடொன்று சேர்க்கப்பட்டன; மக்கள் பட்டணத்துக்குப் போனபோது பல வெறிச்சோடின. ஜொகூரில் சுமார் 70 பள்ளிகள் நிற்கின்றன.

அவற்றின் பெயர்களைப் பாருங்கள். ஜொகூர் பாருவில் ஜாலான் யாஹ்யா அவால், குளுவாங்கில் ஜாலான் ஹாஜி மானான் என்று தெருவின் பெயரைத் தாங்கியவை பட்டணத்துப் பள்ளிகள். தோட்டத்தின் பெயரைத் தாங்கியவை இன்னொரு வகை. ரினி தோட்டம் இருந்த இடம் இன்று முத்தியாரா ரினி என்ற வீடமைப்புப் பகுதி. பால்மரம் போய்விட்டது, லயம் போய்விட்டது. ரினி என்ற தோட்டப் பெயரோடு தமிழ்ப்பள்ளி மட்டும் அங்கே இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாடம்

ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு ஃபூன் யூ பள்ளியைத் தெரியாமல் இருக்காது. 1913-இல் சீன சமூகத்தார் தொடங்கியது. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் வந்தபோது சீன இடைநிலைப்பள்ளிகளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பயிற்றுமொழியை மாற்றிக்கொண்டு அரசாங்க உதவி பெறலாம். இல்லையென்றால் உதவி இல்லாமல் சொந்தக் காலில் நிற்கலாம். இரண்டாவது வழியில் நின்றவைதான் சுயேச்சைப் பள்ளிகள். இன்று நாட்டில் சுமார் 60 சுயேச்சைப் பள்ளிகள் உண்டு. அவற்றில் ஃபூன் யூ மிகப் பெரியது. கூலாயிலும் பண்டார் ஸ்ரீ ஆலாமிலும் அதற்குக் கிளை வளாகங்கள் இருக்கின்றன. பெற்றோர் கட்டும் கட்டணமும் ஊரார் தரும் நன்கொடையும்தான் அதன் உயிர்.

நமக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. தமிழ்வழிப் படிப்பு ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடும். காக்கவேண்டிய இடைநிலைப்பள்ளி நம்மிடம் இல்லை. அதை எண்ணி ஏங்குவதால் பயனில்லை. அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அங்கே புதுப் பிள்ளை சேரும்போது குடும்பமே சேர்கிறது. பள்ளிக்கு ஒரு கட்டடம் தேவையென்றால் அது தங்கள் வீட்டுக்கு ஓர் அறை கட்டுவது போல என்று நினைக்கிறார்கள்.

"அவர்களிடம் பணம் இருக்கிறது, நம்மிடம் ஏது?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் நம்மவர்கள் காசில்லாமலே செய்து காட்டியதும் உண்டு. 1950-களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி! கூலி வேலை செய்தவர்கள் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளை பல்கலைக்கழக வாசலை மிதிக்குமா என்று தெரியாமலே கொடுத்தார்கள். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோதும் அப்படியே. மாதம் பத்து வெள்ளியாகப் பத்து மாதம் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு வாங்கியவர்கள் தோட்டப் பாட்டாளிகள்தாம். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன.

பள்ளிக்கூடம் யாருடையது?

இதைப் பல பெற்றோர் அறியாதிருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை 'பகுதி உதவி' பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. ஆனால் நிலம் அரசாங்கத்துடையது அல்ல; தோட்டத்துடையதாகவோ வேறொருவருடையதாகவோ இருக்கும். அப்படிப்பட்ட பள்ளியில் நிலம், கட்டடம் பற்றிய பொறுப்பைப் பள்ளி வாரியம் சுமக்க வேண்டும். கூரை ஒழுகினால், வேலி சாய்ந்தால், தோட்டம் விற்கப்பட்டால், முதலில் ஓடவேண்டியவர்கள் வாரியத்தாரும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரும்தான். அந்தச் சங்கத்தில் யார் இருக்கிறார்கள்? நீங்களும் நானும்தான் இருக்க வேண்டும்.

150 பேருக்கு மேற்படாத பள்ளிகளைக் 'குறைந்த மாணவர் பள்ளி' என்கிறார்கள். நம் தோட்டத்துப் பள்ளிகள் பல அந்தக் கணக்கில் வருகின்றன. சில பள்ளிகளில் இரண்டு வகுப்புப் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள். அப்படிப்பட்ட பள்ளியில் ஒரு பிள்ளை புதிதாகச் சேர்வது எண்ணிக்கையில் ஒன்றுதான். ஆனால் அந்தப் பள்ளிக்கு அது இன்னொரு வருட ஆயுள். அதனால்தான் முதல் நாள் உங்கள் பிள்ளையைப் பார்த்ததும் தலைமையாசிரியர் முகம் அப்படி மலர்கிறது!

முதல் வாரத்தில் நாம் செய்யவேண்டியவை

இனி வீட்டுக் காரியத்துக்கு வருவோம். பெரிய விஷயங்களைப் பேசிவிட்டுச் சின்ன விஷயத்தைக் கோட்டை விட்டால் பிள்ளைதான் அழும்.

கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் ஆசிரியரிடம் எப்படிக் கேட்பது என்று வீட்டிலேயே நாலு முறை சொல்லிப் பழக்குங்கள். முதல் வாரத்தில் பிள்ளைகள் அழுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். தன் முழுப் பெயரும் அப்பா அம்மா பெயரும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். 'பாப்பா', 'தம்பி' என்றே கூப்பிட்டு வளர்ந்த பிள்ளை, ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கும்போது விழித்துக்கொண்டு நிற்கும். சிற்றுண்டிச்சாலையில் காசு கொடுத்து மீதி வாங்க ஒரு நாள் பக்கத்துக் கடையில் பழக்கிவிடுங்கள்.

சிங்கப்பூருக்குப் போகிற பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. முடிந்தால் அன்று ஒரு நாள் விடுப்பு எடுங்கள். முடியாது என்றால் அதற்காக மனம் உடைய வேண்டாம். தாத்தாவோ பாட்டியோ கையைப் பிடித்து அழைத்துப் போகட்டும். ஆனால் பள்ளி முடிந்ததும் யார் வந்து அழைப்பார்கள், வேன் எங்கே நிற்கும் என்பதைப் பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரவு எத்தனை களைப்பாக வந்தாலும், "இன்றைக்கு யார் பக்கத்தில் உட்கார்ந்தாய்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அது போதும்; பிள்ளை கதையெல்லாம் கொட்டிவிடும்.

2023 முதல் பெற்றோரின் வருமானத்தைப் பாராமல் மாணவர்களுக்கு 150 வெள்ளி தொடக்க உதவி கொடுக்கிறார்கள். அந்தப் பணம் புத்தகப்பைக்கும் சப்பாத்துக்கும்தான் போக வேண்டும். வீட்டில் எத்தனை நெருக்கடி இருந்தாலும் அதில் கை வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஆறாம் ஆண்டுச் சோதனையான யூ.பி.எஸ்.ஆர். 2021-இல் ரத்தாகிவிட்டது. வகுப்பில் ஆசிரியர் பார்த்துப் போடும் அடைவுநிலைதான் இன்று பிள்ளையின் கதையைச் சொல்கிறது: 1 முதல் 6 வரை. முன்பு 'ஏ எத்தனை?' என்று பக்கத்து வீட்டார் கேட்பார்களே என்ற பயத்திலாவது பிள்ளையின் படிப்பைக் கவனித்தோம். இப்போது அந்தப் பயம் இல்லை. நாமாகப் போய்க் கேட்டால்தான் பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று தெரியும். மலாய் மொழியில் பின்தங்கிவிட்டால் இடைநிலைப்பள்ளிக்குப் போகுமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாகப் படிக்க நேரும். ஆறாம் ஆண்டில் திடுக்கிடுவதைவிட இரண்டாம் ஆண்டில் ஆசிரியரைப் பார்ப்பது நல்லதல்லவா?

உள்ளே வாருங்கள்

மாதத்துக்கு ஒரு முறை பள்ளி வாசலைக் கடந்து உள்ளே போங்கள். கூட்டுப்பணி இருந்தால் ஒரு துடைப்பத்தோடு போங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து எழுந்து வராமல், ஒரு கேள்வியாவது கேளுங்கள். மின்சார வேலை தெரிந்தவர் ஒரு விசிறியைச் சரிசெய்து கொடுக்கலாம். தையல் தெரிந்த தாய்மார் கலைவிழாவுக்கு உடை தைக்கலாம். ஒன்றும் தெரியாதென்றால், நூலகத்தில் உட்கார்ந்து நாலு பிள்ளைகளுக்குக் கதை சொல்லுங்கள். கதை தெரியாத தமிழர் யார்?

நீங்கள் பள்ளிக்குள் நடமாடுவதைப் பார்க்கும் பிள்ளை, 'இது என் வீட்டைப் போல ஓர் இடம்' என்று எண்ணத் தொடங்கும். அந்த எண்ணம் வந்த பிள்ளைக்குப் படிப்பு பாரமாக இராது.

பெற்றோர்களே, அந்த முதல் நாள் காலையில் பிள்ளையின் கை உங்கள் கையிலிருந்து நழுவும்போது கண் கலங்கத்தான் செய்யும். கலங்கட்டும். ஒரு காலத்தில் விடியுமுன் பிரட்டுக்குப் போன ஒரு பாட்டி, கொட்டகை வாசலில் உங்கள் அப்பாவின் கையை இப்படித்தான் விட்டுவிட்டுப் போனார். அவருக்கு உள்ளே வர நேரமும் இல்லை. வாருங்கள் என்று அழைக்க ஆளும் இல்லை.

உங்களை அழைக்கிறார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள். பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தப் பள்ளியாண்டு நல்லாண்டாக அமையட்டும்!