நாடு திரும்பினார், நாற்காலி இல்லை!

தூதர் என்றால் யார்? அரசின் வாய், அரசின் செவி. அந்த அரசே அடுத்தவன் ஆணைக்குக் கட்டுண்டு கிடக்கும்போது, தூதருக்கு வேலை ஏது?

1945 செப்டம்பர் 2இல் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட ஜப்பானுக்கு நேர்ந்தது இதுதான். டோக்கியோவில் அமர்ந்த மக்கார்தரின் தலைமையகம் அக்டோபரிலேயே ஆணையிட்டது: தூதரகச் சொத்துகளையும் ஆவணங்களையும் நேசநாடுகளிடம் ஒப்படை, தூதர்களைத் திருப்பி அழை! கொடி இறங்கிற்று, கதவு அடைபட்டது. பகட்டோடு போனவர்கள் மூட்டை முடிச்சோடு திரும்பினர்.

அப்படித் திரும்பியவர்களில் ஒருவரைப் பற்றித் தோழர்களிடம் சொல்ல விரும்புகிறோம். பெயர் சியுனே சுகிஹாரா. 1940இல் லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில் ஜப்பானின் துணைக் கான்சல். ஹிட்லரின் படை விழுங்கிய போலந்திலிருந்து தப்பி வந்த யூதர்கள் அவர் வாயிலில் திரண்டனர். பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. ஜப்பான் வழியே கடந்துபோக ஒரு விசா கேட்டனர். டோக்கியோவுக்குத் தந்தி அடித்தார். போதிய பணமும், போய்ச் சேரும் நாட்டின் அனுமதியும் இல்லாதவர்க்குக் கொடுக்காதே என்றது மேலிடம். அவரோ கொடுத்தார்! கை ஓய எழுதினார். அவருடைய பட்டியலில் 2,139 பெயர்கள்.

போரின் முடிவில் ருமேனியாவில் இருந்த அவரைச் சோவியத் படை குடும்பத்தோடு முகாமில் அடைத்தது. விடுபட்டு, 1947இல் தாயகம் திரும்பினார். அந்த ஆண்டே வெளிவிவகார இலாகா அவரிடம் ராஜினாமா கேட்டது. காரணம்? ஆட்குறைப்பு!

தூதரகமே இல்லாத நாட்டில் தூதர்களுக்கு வேலை குறைவுதான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கழிக்கப்பட்டோர் பட்டியலில் அவர் பெயர் ஏறியது எப்படி? லிதுவேனியா விவகாரமே காரணம் என்றது அவர் குடும்பம். ஆலை வாயிலில் ஒட்டிய தாளைப் படித்துவிட்டு வீடு திரும்பிய தொழிலாளத் தோழருக்கு இது புரியும். தாளில் எழுதிய காரணம் ஒன்று. எழுதாத காரணம் வேறொன்று!

அதே இலாகாவின் இன்னொருவரையும் பாருங்கள். சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட வெளிவிவகார மந்திரி மமோரு சிகெமிட்சு. டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் 1948இல் 7 ஆண்டுத் தண்டனை, 1950இல் விடுதலை, 1954இல் மீண்டும் அதே இலாகாவுக்கு மந்திரி! தண்டனை நியாயமா என்ற வழக்குக்குள் நாம் நுழையவில்லை. சிறை சென்றவருக்கு மீண்டும் நாற்காலி தந்த இலாகாவில், உயிர் காத்தவருக்கு ஒரு முக்காலியும் இல்லையா என்றுதான் கேட்கிறோம்.

1984இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் அவரைப் போற்றியது. 1986இல் அவர் மறைந்தார். ஜப்பானிய மந்திரி யோஹெய் கோனோ அரசின் சார்பில் வருத்தம் தெரிவித்தது 2000இல்! கேட்கவேண்டிய செவி மறைந்து 14 ஆண்டுகள் கழிந்தபின்!

மரியாதை வந்தது, மனிதர் இல்லை. ஆகவே தோழர்களே, ஆட்குறைப்பு என்ற சொல் எங்கே ஒலித்தாலும், எத்தனை பேர் என்று மட்டும் கேட்டு நின்றுவிட வேண்டாம். யார் யார், ஏன் அவர் என்று கேளுங்கள். கேட்கவேண்டிய நாளிலேயே கேளுங்கள்!