ஒரே ஊற்று, இரண்டு தொட்டில்கள்

நம் குடாநாடு ஆறு பாயாத நாடு. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றை ஆறென்று சொல்வதில் நமக்கொரு பெருமை, அவ்வளவே. பெய்யும் மழை செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலே தங்கி நிற்க, அதனையே கிணறு தோண்டி அள்ளி வாழ்கின்றோம். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்க்கு இப்பாறை எத்துணைப் பொள்ளலுடையது என்பது விளங்கும். மழையை விரைந்து ஏற்கும் பாறை, மழையோடு வருவதனையும் விரைந்தே ஏற்கின்றது.

வருவது யாது? 1970களின் முற்பகுதியில் இறக்குமதி தடுக்கப்பட்டபோது மிளகாயும் வெங்காயமும் பொன்விலை பெற்றன. துலா போய் இயந்திரம் வந்தது. யூரியா மூட்டை மூட்டையாகத் தோட்டத்தில் இறங்கிற்று. கல்வீடுகள் எழுந்தன. அக்காலத்தை இன்றும் பெருமையுடன் பேசுகின்றோம். பயிர் உண்டது போக எஞ்சிய உரம் நைத்திரேற்றாகிக் கிணற்றினுள் இறங்கியதை அவ்வளவு பேசுவதில்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே எல்லையென உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. வலிகாமத்துக் கிணறுகள் பல அவ்வெல்லையைக் கடந்திருப்பதை 1980களிலிருந்தே ஆய்வாளர் எழுதி வந்துள்ளனர். உவர்நீரை நாவினாலே அறிந்து விலக்கும் நம்மவர்க்கு இது புலப்படுவதில்லை. நைத்திரேற்றுக்குச் சுவையுமில்லை, நிறமுமில்லை.

இந்நீரைக் குடிக்கும் வளர்ந்தோர் உடனே நோயுறுவதில்லை. சில மாதக் குழந்தையின் நிலை வேறு. 1945ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்து மருத்துவர் ஹன்ரர் கொம்லி, உடல் நீலம் பாரித்த குழந்தைகளை ஆராய்ந்து, அவர்களுக்குப் பால் கரைத்த பண்ணைக் கிணற்று நீரிலே குற்றத்தைக் கண்டார். பச்சைக் குழந்தையின் இரைப்பையில் அமிலம் குறைவு. அங்கே பெருகும் பற்றீரியா நைத்திரேற்றை நைத்திரைற்றாக்க, அது குருதியிற் புகுந்து ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்கின்றது. காய்ச்சிய நீர் காக்குமென நம்பும் தாய் இங்கே ஏமாறுகிறாள். கொதிக்கக் கொதிக்க நீர் வற்றுமேயன்றி நைத்திரேற்று வற்றாது.

இனி, ஒரே ஊற்றிலிருந்து நீரள்ளும் இரு வளவுகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றில், தாய் ஆறு மாதம் வீட்டிலிருந்து முலைப்பால் ஊட்டுகிறாள். அவள் குடித்த நைத்திரேற்றில் மிகச் சிறிதே பாலில் சேரும். தாயின் உடலே வடிகட்டியாகி விடுகிறது. மற்றதில், தாய் வெங்காயம் நடக் கூலிக்குப் போகிறவள். நாட்கூலிக்குப் பேற்று விடுமுறை ஏது? அம்மம்மா கிணற்று நீரிற் பால்மாவைக் கரைத்துப் போத்தலிற் கொடுக்கிறாள். பால்மா விலை ஏறும்போது மா குறைகிறது, நீர் கூடுகிறது. நீரோடு நைத்திரேற்றும் கூடுகிறது. காணியோ இரண்டு பரப்புக்கும் குறைவு; கிணற்றருகே மலசலகூடக் குழி. அதன் கசிவு நைத்திரேற்றையும் சேர்க்கும், வயிற்றோட்டத்தையும் தரும். வயிற்றோட்டம் கண்ட குடலில் நைத்திரைற்று மேலும் பெருகும்.

அந்த இரண்டு பரப்பில் இருப்போர் யாவர் என்றும் கேட்க வேண்டும். கிணற்றுக் கட்டில் ஏறவொட்டாது, பிறர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு காத்து நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்களிற் பலர். சாதிக் கொடுமையைக் குற்றமாக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டில் வந்தது. கிணற்றுக் கட்டுவரை அது வந்துசேரப் பின்னும் பல்லாண்டு சென்றது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கை விட்டுப் பெயர்ந்த குடும்பங்களிற் பல, இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாக முகாம்களிலே நெருங்கி வாழ்ந்தன. அங்கும் கிணறு சில, குழிகள் பல.

இன்று வசதியுள்ள வீடுகள் குழந்தைக்கென நீரை விலைக்கு வாங்குகின்றன. வெங்காயம் நட்டுத் திரும்பும் தாய் அவ்விலையைக் கேட்டுப் பார்க்கிறாள். பின்னர் வாளியைக் கிணற்றில் விடுகிறாள்.